மெயின்ஃப்ரேம் கேள்வி–பதில்: ஆறு சிஸ்டம், ஒரே பார்ம்லிப்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஐபிஎல் (சிஸ்டத்தைத் தொடங்குவது) சமயத்தில் இசட்/ஓஎஸ் என்ற மெயின்ஃப்ரேம் ஆபரேட்டிங் சிஸ்டம் படிக்கிற மெம்பர்களை (டேட்டாசெட்டுக்குள் இருக்கும் தனித்தனிக் கோப்புகள்) ப்ரொடக்ஷன், டெஸ்ட் என்று பல சிஸ்டங்களுக்கு எப்படி ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதுதான் அது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் டீமிடம் மூன்று ப்ரொடக்ஷன் எல்பார் (ஒரே மெஷினுக்குள் பிரித்த தனி சிஸ்டம்), இரண்டு டெஸ்ட், ஒரு சாண்ட்பாக்ஸ் இருக்கின்றன. ஆறுக்கும் ஆறு தனித்தனி பார்ம்லிப் (அந்த மெம்பர்கள் இருக்கும் டேட்டாசெட்). ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் ஆறு இடத்தில் கையால் எழுதுகிறோம். எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகர், சிறுசேரி

முதலில் எதையும் நகர்த்தாதீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஎஸ்பிஎஃப் மெனுவில் (எடிட்டரும் இதில்தான்) 3.13-ல் சூப்பர்-சி என்ற ஒப்பிடும் கருவி இருக்கிறது. ஒரு ப்ரொடக்ஷன் பார்ம்லிப்பையும் ஒரு டெஸ்ட் பார்ம்லிப்பையும் அதில் கொடுங்கள். எல்லா வரியும் வேறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். யாரோ எடிட்டரில் நம்பர் ஆன் போட்டு வைத்திருப்பார்கள், 73-லிருந்து 80 வரைக்கும் வரி எண்கள் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலங்களை (வரியில் எழுத்து நிற்கும் இடங்கள்) விட்டுவிட்டு ஒப்பிடச் சொன்னால் உண்மையான வித்தியாசம் தெரியவரும்.

வித்தியாசங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒன்று புரியும். பாதிக்கு மேல் வெறும் பெயர் வித்தியாசம்தான். டேட்டாசெட் பெயரில் அங்கே பிஆர்01 இருக்கும், இங்கே டிஎஸ்01 இருக்கும். இதற்கெல்லாம் சிம்பல் (ஒவ்வொரு சிஸ்டத்திலும் அதற்குரிய மதிப்பாக விரியும் பெயர்) போதும். அடுத்தது, உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டியவை: காமன் ஏரியா அளவு, அட்ரஸ் ஸ்பேஸ் எண்ணிக்கை, எஸ்எம்எஃப் என்ற சிஸ்டம் பதிவேட்டில் எதைப் பதிவு செய்வது என்பது போல. இவை கொஞ்சம்தான். மூன்றாவதுதான் வம்பு. ஏன் வேறாக இருக்கிறது என்று யாருக்குமே தெரியாதவை. யாரோ ஒருவர் ஒரு ராத்திரி பிரச்சினையைச் சமாளிக்கப் போட்டிருப்பார், அவர் கம்பெனி மாறிப் போயிருப்பார். அந்த வரிகளை உடனே அழிக்காதீர்கள். அவற்றைத் தனியாக ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். என் அனுபவத்தில் இந்த வேலையில் அதிக நாள் பிடிப்பது இதற்குத்தான். பிடிக்கட்டும், விடுங்கள்.

இப்போது அடுக்கு. சிஸ்1.பார்ம்லிப்பை ஐபிஎம் தந்தபடியே விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. சிஸ்ரெஸ் வால்யூமை (ஐபிஎல் ஆகிற டிஸ்க்) புது ரிலீஸுக்கு மாற்றும்போது பழைய வால்யூமோடு அதுவும் போய்விடும், உங்கள் மாற்றமும் கூடவே போகும். உங்கள் மெம்பர்களுக்கென்று தனி டேட்டாசெட், சிஸ்ரெஸ்ஸில் இல்லாத வேறு வால்யூமில் வையுங்கள். லோட் மெம்பரில் (ஐபிஎல்லில் முதலில் படிக்கப்பட்டு மற்றவை எங்கே என்று சொல்வது) பார்ம்லிப் வரிகளாக 10 டேட்டாசெட் வரை வரிசையாகக் கொடுக்கலாம். சிஸ்1.பார்ம்லிப்பை நீங்கள் எழுதாவிட்டால் கடைசியில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். எனக்கு இரண்டு அடுக்கு போதும்: மேலே உங்களுடையது, கீழே ஐபிஎம்முடையது. ஒரே பெயரில் மெம்பர் இரண்டிலும் இருந்தால் மேலே இருப்பது மட்டும்தான் படிக்கப்படும், இரண்டும் கலக்காது. இது தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு எல்பார் எப்படித் தன்னை அடையாளம் கண்டுகொள்கிறது என்று பார்ப்போம். ஹெச்எம்சி-யில் (மெஷினை இயக்கும் கன்சோல்) ஆபரேட்டர் லோட் பாராமீட்டர் என்று எட்டு எழுத்து அடிக்கிறார். உதாரணமாக 018201எம்1. முதல் நான்கு, அதாவது 0182, ஐஓடிஎஃப் (டிஸ்க் போன்ற சாதனங்களின் அமைப்பைச் சொல்லும் கோப்பு) இருக்கிற டிஸ்க்கின் எண். அடுத்த 01 என்றால் லோட்01 மெம்பரை எடு என்று அர்த்தம். ஏழாவது எழுத்து எம் என்றால் தகவல் மெசேஜ்களைக் காட்டு, ஆனால் ஆபரேட்டரிடம் எதுவும் கேட்காதே. கடைசி 1 நியூக்ளியஸுக்கு, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு. அந்த டிஸ்க்கில் சிஸ்0.ஐபிஎல்பார்ம் முதல் சிஸ்9.ஐபிஎல்பார்ம் வரை தேடி, இல்லாவிட்டால் சிஸ்1.பார்ம்லிப்பில் தேடி, லோட்01 கிடைத்ததும் அதிலிருந்து மற்றதெல்லாம் விரிகிறது.

லோட் மெம்பரில் காலம், அதாவது வரியில் எத்தனையாவது இடம் என்பது முக்கியம். கீவேர்டு முதல் காலத்தில் தொடங்கும், மதிப்பு பத்தாவது காலத்தில் தொடங்கும். ஒரு காலம் தள்ளிப்போனாலும் வேறு அர்த்தம் ஆகிவிடும். அதனால் இந்த மெம்பரை எடிட் செய்யும்போது மேலே காலம் அளவுகோலைப் போட்டுக்கொள்ளாமல் நான் கை வைப்பதே இல்லை.

ஆறு எல்பாருக்கும் ஆறு லோட் மெம்பர் வேண்டாம். ப்ரொடக்ஷன் ப்ளெக்ஸுக்கு (சிஸ்ப்ளெக்ஸ், சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் குழு) ஒன்று, டெஸ்ட் ப்ளெக்ஸுக்கு ஒன்று போதும். வித்தியாசத்தை, சிம்பல்களை வரையறுக்கிற ஐஇஏசிம் மெம்பரில் சொல்லுங்கள். அங்கே எல்பாருக்கு ஒரு சிஸ்டெஃப் எழுதலாம்:

சிஸ்டெஃப் எல்பார்நேம்(பிஆர்01) சிஸ்நேம்(பிஆர்01) சிம்டெஃப்(&என்வி='பிஆர்')

எல்பார் பெயர் எதுவும் கொடுக்காத சிஸ்டெஃப், எல்லா சிஸ்டத்துக்கும் பொது. &சிஸ்நேம், &சிஸ்ப்ளெக்ஸ், &சிஸ்க்ளோன் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. &சிஸ்க்ளோன் என்பது நீங்கள் வேறாகச் சொல்லாதவரை சிஸ்டம் பெயரின் கடைசி இரண்டு எழுத்து. ஒரு சிஸ்ப்ளெக்ஸுக்குள் அது இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. பெயர் வைக்கும்போதே இதை யோசித்து வைத்தால் பின்னால் பெரிய நிம்மதி.

&சிஸ்ஆர்1 என்பது எந்த சிஸ்ரெஸ்ஸிலிருந்து ஐபிஎல் ஆனதோ அந்த வால்யூமின் பெயர். அது தானாக நிரம்பும். இதை வைத்து ஓர் அழகான காரியம் செய்யலாம். உங்கள் சிஸ்ரெஸ் வால்யூம்கள் ஆறெழுத்துப் பெயராக, கடைசி எழுத்து மட்டும் 1, 2 என்று போனால், &சிஸ்ஆர்2 என்று ஒரு சிம்பலை இப்படி எழுதுங்கள்: &சிஸ்ஆர்1(1:5).2. முதல் ஐந்து எழுத்தை எடுத்து 2-ஐ ஒட்டு என்று பொருள். இனி புது ரிலீஸ் வந்து வேறு சிஸ்ரெஸ்ஸிலிருந்து ஐபிஎல் செய்தால் இரண்டாவது வால்யூமும் தானே மாறும். லிங்க் லிஸ்டில் (ப்ரோகிராம்களைத் தேடும் லைப்ரரிகளின் பட்டியல்), கேட்டலாகில் (எந்த டேட்டாசெட் எந்த வால்யூமில் என்ற பட்டியல்), யுனிக்ஸ் ரூட்டில் எங்கேயும் வால்யூம் பெயரை கையால் திருத்த வேண்டியதில்லை. 1990-களின் நடுவில் இந்தச் சிம்பல்கள் எம்விஎஸ்-க்குள் வந்ததற்கு முன்னால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பிரதி எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது. உங்கள் ஆறு பார்ம்லிப்பும் அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிம்பலை எழுத்துப் பிழையோடு எழுதினால் அது பிழை என்று சிஸ்டம் எல்லா இடத்திலும் சொல்லாது. அந்த & குறியோடு அப்படியே எழுத்தாக விட்டுவிடும், அப்புறம் டேட்டாசெட் இல்லை என்று வேறு எங்கோ மெசேஜ் வரும். ஐபிஎம்மின் மாதிரிகள் இருக்கிற சாம்ப்லிப்பில் பார்ம்லிப் பார்சர் ஒன்று தருகிறார்கள். ஐபிஎல் செய்யாமலே சிம்பல்கள் விரிந்த பிறகு மெம்பர் எப்படி இருக்கும் என்று காட்டும். அதை ஓட்டாமல் ஒரு மாற்றத்தையும் ப்ரொடக்ஷனுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: டெஸ்டுக்கென்று ஐஇஏசிஸ்டிஎஸ் மெம்பர் (ஐஇஏசிஸ் என்பது சிஸ்டம் பாராமீட்டர்களின் மெம்பர், டிஎஸ் அதன் பின்னொட்டு) தனியாக எழுதி, அதில் ப்ராக்=டிஎஸ் என்று மட்டும் போட்டேன் (ஏபிஎஃப் பட்டியல் இருக்கும் ப்ராக் மெம்பர் எது என்று சொல்வது). ஐபிஎல் நன்றாக ஆனது. ஆனால் பாதி ப்ராடக்ட்கள் எஸ்047 அபெண்டில் (ப்ரோகிராம் பிழையோடு பாதியில் நிற்பது) விழுகின்றன. ஐஇஏசிஸ்00-ல் ப்ராக் ஒழுங்காகத்தானே இருக்கிறது? – வாசகர், பெங்களூரு

இருக்கிறது. ஆனால் அது எடுபடவில்லை. ஐஇஏசிஸ்00 முதலில் படிக்கப்படும், அதன் பிறகு டிஎஸ். பின்னால் வருகிற மெம்பரில் அதே கீவேர்டு இருந்தால் முந்தையதை முழுவதுமாக ஒதுக்கிவிடும். பட்டியல்கள் ஒன்றோடொன்று சேராது. 00-ல் நீங்கள் ப்ராக்=(00,01) என்று வைத்திருந்தாலும் டிஎஸ்-ல் எழுதிய ஒற்றை டிஎஸ் மட்டும்தான் நிற்கும். ஏபிஎஃப் பட்டியலில் (சிறப்பு அதிகாரம் பெற்ற லைப்ரரிகளின் பட்டியல்) இருக்க வேண்டிய லைப்ரரிகள் இல்லாமல் போனதால், அங்கிருந்து ஓடுகிற ப்ரோகிராம்கள் அதிகாரம் தேவைப்படுகிற சேவையைக் கேட்டதும் எஸ்047 வருகிறது.

டிஎஸ் மெம்பரில் ப்ராக்=(00,01,டிஎஸ்) என்று முழுசாக எழுதினால் சரியாகும். ஆனால் அதைவிட நல்ல வழி, டெஸ்டுக்கென்று ஐஇஏசிஸ் மெம்பரே இல்லாமல் செய்வது. ஐஇஏசிஸ்00-லேயே ப்ராக்=(00,01,&என்வி.) என்று எழுதிவிடுங்கள். பொதுவானது முதலில், சிஸ்டத்துக்கு உரியது கடைசியில். டெஸ்டும் ப்ரொடக்ஷனும் ஒரே வரியைப் படிக்கும்போதுதான் டெஸ்டில் பார்த்தது ப்ரொடக்ஷனில் உண்மையாகும். இல்லாவிட்டால் டெஸ்டில் வெற்றிகரமாக ஐபிஎல் ஆனதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி: மேடம், நான் ட்ரெய்னி. ஐஇஏசிஸ் மெம்பரில் கடைசியில் நான்கு வரி சேர்த்தேன். நான்கும் வேலை செய்யவில்லை. எந்த எரர் மெசேஜும் இல்லை. – வாசகி, திருச்சி

நீங்கள் சேர்த்த முதல் வரிக்கு மேலே இருக்கிற வரியைப் பாருங்கள் அம்மா. அதன் முடிவில் கமா இருக்காது. அதுதான் முன்பு கடைசி வரி, அதனால் கமா தேவைப்படவில்லை. இந்த மெம்பரில் கமா இல்லாமல் முடிகிற முதல் வரியோடு படிப்பது நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதினாலும் குறிப்புரையாகக் கணக்காகும், அதனால்தான் எரரும் வரவில்லை. புது வரியை எப்போதும் நடுவில் சேர்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை யாரும் தொட வேண்டிய அவசியம் வராது.

கேள்வி: டிசாஸ்டர் ரெகவரி ஒத்திகையில் எங்கள் ப்ரொடக்ஷன் எல்பார் எழவில்லை. அதே டிஸ்க்குகளின் பிரதி, அதே லோட் மெம்பர். இங்கே மட்டும் ஏன்? – வாசகர், சிங்கப்பூர்

நீங்கள் அனுப்பிய லோட் மெம்பரில் ஹெச்டபிள்யூநேம் வரி இருக்கிறது. அது மெஷினின் பெயர். டிஆர் சைட்டில் இருக்கிற மெஷினுக்கு வேறு பெயர் இருக்கும், இருக்கத்தான் செய்யும். பெயர் பொருந்தாததால் அந்த வரிக்குக் கீழே எழுதியது எதுவும் அங்கே எடுபடவில்லை. ஐஇஏசிம் வரி, பார்ம்லிப் வரிசை எல்லாமே அதற்குக் கீழேதான் எழுதியிருக்கிறீர்கள்.

மெஷின் பெயரை வைத்துப் பிரிப்பதை விடுங்கள். எல்பார் பெயரை வைத்துப் பிரியுங்கள். எல்பார் பெயரை டிஆர் மெஷினிலும் அதே பெயராக அமைத்துக்கொள்ள முடியும், மெஷின் பெயர் அப்படி இல்லை. ஹெச்டபிள்யூநேம் கட்டாயம் தேவைப்படுகிற இடம் ஒன்றுதான்: ஒரே எல்பார் பெயர் இரண்டு மெஷினில் ஒரே சமயத்தில் ஓடும்போது. இன்னொன்று, எல்லாருக்கும் பொதுவான வரிகளை மெம்பரின் தலையில், எந்தப் பெயர் வரிக்கும் முன்னால் எழுதுங்கள். நடுவில் எழுதினால் அது யாருக்கோ ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடும்.

லோட் பாராமீட்டரின் முதல் நான்கு எழுத்தையும் சரிபாருங்கள். டிஆர் சைட்டில் அந்த டிஸ்க்கின் எண் வேறாக இருந்தால் எட்டு எழுத்தும் வேறாக அடிக்க வேண்டும். ஒத்திகைக்கு முன்பே அதை எழுதி ஆபரேட்டர் கையில் கொடுங்கள்.

கேள்வி: டெஸ்டும் ப்ரொடக்ஷனும் ஒரே பார்ம்லிப் டேட்டாசெட்டைப் பகிர்ந்துகொண்டால் பிரச்சினையே இல்லையே? ஏன் பிரதி எடுக்க வேண்டும்? – வாசகர், ஹைதராபாத்

ஒரே சிஸ்ப்ளெக்ஸுக்குள் பகிருங்கள், தாராளமாக. இரண்டு வெவ்வேறு சிஸ்ப்ளெக்ஸுக்கு நடுவில் வேண்டவே வேண்டாம். எடிட்டர் ஒரு மெம்பரைத் திறக்கும்போது போடுகிற பூட்டு அந்த சிஸ்ப்ளெக்ஸின் ஜிஆர்எஸ்-க்கு (பூட்டுகளை நிர்வகிக்கிற பகுதி) மட்டும்தான் தெரியும். பக்கத்து ப்ளெக்ஸுக்குத் தெரியாது. நீங்கள் இங்கே ஒரு மெம்பரைச் சேமிக்கிற அதே நிமிடம் அங்கே யாரோ அந்த பிடிஎஸ்-ஐ (மெம்பர்கள் இருக்கும் டேட்டாசெட்) கம்ப்ரெஸ் செய்தால், அதாவது காலி இடத்தை மீட்க மெம்பர்களை நகர்த்தினால், டைரக்டரி குலைந்துபோகும். அதன் புதிய வடிவமான பிடிஎஸ்இ என்றாலும் ப்ளெக்ஸைத் தாண்டி எழுதுவது பாதுகாப்பில்லை. அப்படிக் குலைந்த பார்ம்லிப்போடு அடுத்த ஐபிஎல் வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது, அதுதான் கொடுமை.

எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், டேட்டாசெட் தனித்தனியாக இருக்க வேண்டும். டெஸ்டில் திருத்தி, டெஸ்டில் ஐபிஎல் செய்து பார்த்து, அதே மெம்பரை ஒரு ஜாப் மூலம் ப்ரொடக்ஷனுக்கு நகலெடுங்கள். கையால் மறுபடி அடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் எல்பார்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. சென்னை டீம் மட்டும் பயன்படுத்துகிற டெஸ்ட் சிஸ்டத்தில், நேர மண்டலத்தைச் சொல்லும் க்ளாக் மெம்பரை இந்திய நேரத்துக்கு, அதாவது இ.05.30.00 என்று வைக்கலாமா? – வாசகர், சென்னை

வைக்காதீர்கள். வாட்சைப் பார்க்கிற வசதிக்காக டெஸ்டை ப்ரொடக்ஷனிலிருந்து பிரிக்க வேண்டாம். நள்ளிரவில் தேதி மாறும்போது நடக்கிற பேட்ச், கோடைக்கால நேர மாற்றம் எல்லாம் ப்ரொடக்ஷனில் நடப்பதுபோலவே டெஸ்டிலும் நடக்கட்டும்.

கேள்வி: பல மாதம் ஒழுங்காக ஓடிய சிஸ்டம் ஐபிஎல்லுக்குப் பிறகு ஒரு ப்ராடக்ட் வரவில்லை. பார்ம்லிப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். – வாசகர், புனே

அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். பார்ம்லிப்பில் யாரும் கை வைக்கவில்லை, அதுதான் பிரச்சினை. செட்ப்ராக் கமாண்டில் ஏபிஎஃப்-க்கு ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் அந்த நிமிடமே வேலை செய்யும். ஆனால் அது மெமரியில் மட்டும்தான் இருக்கிறது. மெம்பரிலும் எழுதாவிட்டால் அடுத்த ஐபிஎல்லில் காணாமல் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு லைப்ரரி, சேர்த்தவர் லீவில் இருந்தபோது, ஞாயிறு விடியற்காலை ஐபிஎல்லில் காணாமல் போனது. ப்ராடக்டின் லாகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏபிஎஃப் பக்கம் யாருக்கும் யோசனை போகவில்லை.

இதற்கு வழி கமாண்டைத் தடுப்பது இல்லை. செட்ப்ராக் அடிப்பதற்குப் பதிலாக மெம்பரில் எழுதிவிட்டு, செட் ப்ராக்= என்று அந்த மெம்பரையே ஓட்டுங்கள். எழுத்தும் ஓட்டமும் ஒன்றாக இருக்கும். ஏற்கெனவே விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க, ஐபிஎல்லுக்கு முன் டி ப்ராக்,ஏபிஎஃப் என்று அடித்து வருகிற பட்டியலை மெம்பரோடு ஒப்பிடுங்கள். லிங்க் லிஸ்டுக்கும் அப்படியே. டி ஐபிஎல்இன்ஃபோ என்றால் எந்த லோட் மெம்பர், எந்த ஐஇஏசிம், எந்த ஐஇஏசிஸ், எந்த வால்யூமிலிருந்து ஐபிஎல் ஆனது என்று சில வரியில் சொல்லிவிடும். டி சிம்பல்ஸ், டி பார்ம்லிப் இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு ஐபிஎல் முடிந்ததும் இந்த மூன்றின் பதிலையும் சேமித்து வையுங்கள். போன முறை என்ன இருந்தது என்ற கேள்விக்கு அப்போது சண்டை வராது.

கேள்வி: பார்ம்லிப்பை கிட்-ல் (மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் கருவி) வைக்கலாமா? சௌவி (மெயின்ஃப்ரேமை வெளியிலிருந்து அணுக உதவும் Zowe கருவி) மூலம் எடுத்துப் போடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். – வாசகர், கோயம்புத்தூர்

வையுங்கள், சந்தோஷம். யார், எப்போது, ஏன் என்ற மூன்றுக்கும் பதில் அங்கே இருக்கும். ஆனால் வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது, எடிட்டர் டாப் குறியைப் போடக் கூடாது, மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்-குக்கு மாறும்போது குறிகள் மாறிவிடாமல் ஒருமுறை சோதியுங்கள். லோட் மெம்பரின் பத்தாவது காலம் விஎஸ் கோடுக்குத் தெரியாது. அந்த ஒரு மெம்பரை மட்டும் ஐஎஸ்பிஎஃப்-லேயே திருத்துங்கள் என்பேன்.

கேள்வி: எல்லாம் செய்தும் ப்ரொடக்ஷன் எழவே இல்லை என்றால்? டிஎஸ்ஓ (லாகின் செய்து வேலை பார்க்கும் வசதி) இல்லை, எடிட்டர் இல்லை. தப்பான மெம்பரை எப்படித் திருத்துவது? – வாசகர், மறைமலைநகர்

மாற்றம் செய்வதற்கு முன்பே இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற லோட்01-ஐத் தொடாதீர்கள். மாற்றத்தை லோட்02-ல் எழுதி, அது காட்டுகிற ஐஇஏசிம், ஐஇஏசிஸ் மெம்பர்களுக்கும் புதுப் பின்னொட்டு கொடுங்கள். எழவில்லை என்றால் ஆபரேட்டர் லோட் பாராமீட்டரில் 02-ஐ 01 ஆக்கி மறுபடி லோட் கொடுத்தால் போதும். பல இடங்களில் லோட் மெம்பரை மட்டும் இரண்டாக வைத்துவிட்டு, இரண்டும் ஒரே ஐஇஏசிஸ்00-ஐக் காட்டும்படி விட்டுவிடுகிறார்கள். தப்பு ஐஇஏசிஸ்00-ல் இருந்தால் இரண்டு கதவும் ஒரே சுவரில் முட்டும்.

அதையும் மீறி நடந்தால், ப்ரொடக்ஷன் பார்ம்லிப் இருக்கிற வால்யூமை டெஸ்ட் எல்பாரிலிருந்து பார்க்க முடிய வேண்டும். சாதாரண நாளில் அது அங்கே ஆஃப்லைனில் இருக்கட்டும், ஆனால் ஐஓடிஎஃப்-ல் வழி இருக்கட்டும். ப்ரொடக்ஷன் விழுந்து கிடக்கும்போது ஆன்லைன் செய்து, மெம்பரைத் திருத்தி, மறுபடி ஆஃப்லைன் செய்துவிட்டு ஐபிஎல் கொடுக்கலாம். கேட்டலாக் அங்கே வேறு என்பதால் டேட்டாசெட் பெயரோடு வால்யூம் பெயரையும் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். எந்த எல்பார், எந்த டிஸ்க் எண், எந்த வால்யூம், எந்த டேட்டாசெட் என்ற நான்கையும் காகிதத்தில் அச்சடித்து ஆபரேஷன்ஸ் ஷிஃப்ட் லீடரிடம் கொடுத்து வையுங்கள். ஷேர்பாயிண்டில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த ராத்திரியில் உங்கள் நெட்வொர்க் லாகினும் வேலை செய்யாமல் இருக்கலாம்.